போனை வைக்காத அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் போனை வைத்து நான் பார்த்ததே இல்லை. பேசி முடித்தவர்கள் வைப்பார்கள், கோபம் வந்தவர்கள் வைப்பார்கள், சார்ஜ் தீர்ந்தால் போன் தானே வைத்துக்கொள்ளும். இவர் காலையில் அலுவலகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்காவுக்கு ஒரு போன் போடுவார். மாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை அந்த ஒரே போன்தான். ஸ்பீக்கரைப் போட்டு, சார்ஜர் ஒயரைச் சொருகி, பழைய அட்டை டப்பாவை வெட்டிச் செய்த ஒரு தாங்கியில் அதை நிற்க வைத்திருப்பார். அந்தப் பக்கம், வீட்டில், அக்காவின் தையல் மெஷின் பக்கத்தில் இன்னொரு அட்டை டப்பாவில் அவளுடைய போனும் அதே மாதிரி நிற்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைப் பாசம் என்று நினைத்து உருகுவார்கள். கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். அது பாசம் இல்லை, கொள்கை.

நானும் அதே அலுவலகம்தான். பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி. அத்தான் ப்ரோகிராம் எழுதுகிறவர், நான் புகார் பிரிவு. அவருடைய சிபாரிசில் கிடைத்த வேலை என்பதால் அவரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். அம்மா இதைப் படிக்கப்போவதில்லை.

கொள்கை எப்படி வந்தது என்றால், கவுன்டரில் டிக்கெட் வாங்குவது அப்போது பெரிய தவமாக இருந்தது. கவுன்டர் அம்மா ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையில் ஒரு வட்டம் சுற்றும். வரிசையில் நிற்பவர்கள் முதலில் கவுன்டர் அம்மாவைத் திட்டுவார்கள், அப்புறம் கம்பெனியை, அப்புறம் ஒருவரை ஒருவர். காத்து நின்ற நேரத்தில் பஸ்ஸே போய்விட்டது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்து விசாரித்தேன். உண்மைதான்.

கோளாறைக் கண்டுபிடித்தது அத்தான். எந்தப் பஸ்ஸில் எந்தச் சீட் காலி என்பதையெல்லாம் டேட்டாபேஸ் என்கிற ஒன்று வேறொரு கட்டடத்தில் இருந்துகொண்டு நினைவில் வைத்திருக்கிறது. நம் ப்ரோகிராம் அதனிடம் கேட்டுச் சொல்கிறது. கேட்பதில் தப்பில்லை, கேட்கிற விதம்தான் தப்பு என்று அவர் மேனேஜரிடம் விளக்கியதை நானும் நின்று கேட்டேன்.

"சார், ஒருத்தர் வந்து உங்க வீட்டுக் கதவைத் தட்டுறார். யாருன்னு கேக்குறீங்க. பேர் சொல்றார். அடையாளம் காட்டச் சொல்றீங்க. காட்டுறார். உள்ள விட்டு, சேர் போடுறீங்க. உட்கார்ந்து, மணி எத்தனைன்னு கேக்குறார். பத்துன்னு சொல்றீங்க. எழுந்து போயிடுறார். கதவைச் சாத்துறீங்க. மறுபடி தட்டுறார். யாருன்னு கேக்குறீங்க. பேர் சொல்றார்..."

"யோவ், இப்பத்தானேய்யா போனான்! மறுபடி எதுக்கு வர்றான்?"

"பத்து அடிச்சு எத்தனை நிமிஷம்னு கேக்க."

மேனேஜருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இல்லாத அந்த ஆளைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவதுபோல எழுந்தே நின்றார்.

அத்தான் செய்தது சின்ன வேலை. ஒவ்வொரு கேள்விக்குள்ளும் 'இணைப்பைத் திற' என்று ஒரு வரி இருந்தது. அதை அங்கிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரே ஒரு தடவை மட்டும் நடக்கும்படி வைத்தார். ஆளை ஒரு தடவை உள்ளே விட்டாயிற்று, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். அன்று முதல் கவுன்டர் அம்மா பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. அவர் பயந்துபோய் மறுபடியும் அழுத்தி, ஒருவருக்கு இரண்டு சீட் கொடுத்துவிட்டார். அத்தானை அலுவலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் நல்ல மனிதர். நிற்கவில்லை. உலகத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் யாருக்கும் நேரம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மளிகைக் கடைக்குப் போய் நின்று, "அப்புறம், அரைக் கிலோ சர்க்கரை" என்பார்.

"அப்புறம்னா? அதுக்கு முன்னாடி என்ன சார்?"

"போன வாரம் உப்பு வாங்கினேனே."

முடிவெட்டுகிறவரிடம் போய் உட்கார்ந்ததும், "அவன் ஒத்துக்கவே இல்ல" என்பார். எவன், எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த மனிதர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நிற்பார். அது இரண்டு மாதத்துக்கு முன்னால், போன தடவை முடிவெட்டும்போது பாதியில் நின்ற கதை.

வீட்டில் அக்கா 'என்னங்க' என்று கூப்பிடுவதற்குத் தடை வந்தது.

"ஒவ்வொரு தடவையும் என்னங்க, என்னங்கன்னு எதுக்குக் கூப்பிடுற? நான்தான் இருக்கேனே. நேரா விஷயத்துக்கு வா."

"கூப்பிடாம எப்படிங்க பேசறது?"

"பாரு, இதுல கூட ஒரு 'ங்க' வீணாப் போச்சு."

அதற்கு அடுத்த நாள்தான் போன் வந்தது. அதாவது, வந்தது, போகவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அக்காவுக்கு அது பிடித்திருந்தது. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தனியாக இருக்கிறவள். வீட்டில் அவர்கள் இரண்டே பேர். பேச்சுத் துணைக்கு ஒரு அலுவலகமே கிடைத்தது. எங்கள் பக்கம் அவளுடைய மெஷின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் வீட்டு குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் கேஷியர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மேனேஜர் கவுன்டர் அம்மாவைத் திட்டினால் போனுக்குள்ளிருந்து, "பாவம் சார், விடுங்க" என்று அக்காவின் குரல் வரும். அவரும் விட்டுவிடுவார். கேஷியரின் மகளுக்குச் சட்டை வெட்டியது முழுக்க இந்த போனிலேயே நடந்தது. அந்தச் சட்டை எனக்குச் சரியாக இருந்தது.

எல்லாரும் அக்காவோடு பேசினோம். அத்தான் மட்டும் பேசவில்லை. அவர்தான் லைனில் இருக்கிறாரே, தனியாக வேறு பேச வேண்டுமா? அவ்வப்போது "ம்" என்பார். லைன் உயிரோடு இருப்பதற்கு அது போதும் என்பது அவருடைய கணக்கு. அக்கா ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்: தண்ணீர் வரவில்லை, நூல் விலை ஏறிவிட்டது, மாடிப்படியில் விழப் பார்த்தேன். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்". விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் அதே "ம்"தான்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு அந்த வேலை வந்தது. வெளியூரில் ஒரு சீருடைத் தொழிற்சாலை. துணி வெட்டுகிற பிரிவு முழுவதையும் மேற்பார்வை பார்க்க வேண்டும். அவளுடைய தையலைப் பார்த்துவிட்டு அவர்களே தேடி வந்து கேட்டிருந்தார்கள். தங்க அறையும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் மெஷினை நிறுத்தினாள். எங்கள் பக்கம் சட்டென்று சத்தம் அடங்கியதில் எல்லாருமே தலையைத் தூக்கிப் பார்த்தோம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து, "நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

கேஷியர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் அறைக் கதவு திறந்தது. கவுன்டர் அம்மா வரிசையில் நின்ற ஆளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"ம்," என்றார் அத்தான்.

"நிஜமாவா?"

"ம்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ நான்தான் அவரைப் பெற்றுப் போட்டதுபோல.

"அத்தான், அக்கா ஏதோ கேட்டாளே, காதுல விழுந்துச்சா?"

"லைன்லதானே இருக்கா? வேணும்னா மறுபடி கேப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா வெளியூருக்கு வேலைக்குப் போறா. உங்களை விட்டுட்டு. புரியுதா?"

அவர் சிரித்தார். "வாய்ப்பே இல்ல. போறதா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாளா? காலையிலேருந்து எங்கூடதானே இருக்கா." சொல்லிவிட்டு, என் திருப்திக்காக போன் பக்கம் திரும்பி, "என்ன?" என்றார்.

"ஒன்னுமில்ல," என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இதற்குமேல் ஒரு மனிதருக்கு எப்படிச் சொல்வது?

அன்று மாலை நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

"அவருக்கு நிஜமாவே காதுல விழலக்கா."

"உங்க கேஷியருக்கு விழுந்துச்சே. அப்புறமா 'வாழ்த்துக்கள்மா'ன்னார். மேனேஜர் 'யோசிச்சு முடிவெடுங்க'ன்னார். வரிசையில நின்ன யாரோ ஒருத்தர் அந்த ஊர்ல தண்ணி நல்லா இருக்கும்னு சொன்னார். இவர் ம்-னார்."

"அப்ப போகப்போறியா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு வார்த்தை என்ன ஏதுன்னு கேட்டா போதும்டி. கேட்டா, போனாலும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓடி வருவேன். கேக்கலேன்னா எதுக்கு வரணும்? யாருக்கு வரணும்?"

அவள் அழவில்லை. அடுத்த நூலை ஊசியில் கோத்தாள்.

அந்த வாரத்தில்தான் டேட்டாபேஸ் கட்டடத்துக்குப் புது இயந்திரம் வந்திருந்தது. வியாழன் காலை கவுன்டர் திறந்ததும் முதல் டிக்கெட்டே விழவில்லை. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. ப்ரோகிராமை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடியும் முதல் ஆளுக்குச் சிவப்பு. அந்த முதல் ஆட்களெல்லாம் நேராக என்னிடம்தான் வந்தார்கள். "இணைப்பு இருக்கு! என் கையிலதான் இருக்கு! நான் மூடவே இல்லையே!" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். சனிக்கிழமை தனக்கு வர வேண்டிய அரை நாள் விடுமுறையைக்கூட விட்டுக்கொடுத்து, இன்று இதை ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார்.

நானும் அவரோடு போவதற்காகப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் போறேன்" என்றாள்.

கடைக்குப் போகிறவர்கூட 'போயிட்டு வரேன்' என்பார். அடுத்த தெருவுக்குப் போகிறவர் வெறும் 'வரேன்' என்பார். வாசலில் நின்று யாராவது 'போறேன்' என்று சொல்வார்களா? சொன்னால், சொல்கிறவருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்று அர்த்தம்.

"ம்," என்றார் அத்தான். செருப்பு வார் மாட்டிக்கொண்டது.

அலுவலகம் போனதும் வழக்கம்போல போன் போட்டார், டப்பாவில் நிற்க வைத்தார், வேலையில் இறங்கினார். அன்று மெஷின் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக அவ்வப்போது 'உஸ்'ஸென்று ஒரு ஓசை வந்தது. நான் அக்காவுக்குத் தனியாக போன் போட்டேன். இரண்டு நாளாக அவளிடம் ஒரு புது நம்பர் இருந்தது, எனக்கு மட்டும் கொடுத்திருந்தாள். "சொல்லாதே. அவரா கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் கேட்கவில்லை, புலம்பினார். "கையில பிடிச்சிக்கிட்டே இருக்கேன். ஆனா அந்தப் பக்கம் ஒன்னுமே இல்ல. இது எப்படி?"

"ம்," என்றது போன்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணினேனா?"

"ம்."

"நீதான் என்னைப் புரிஞ்சிக்கிற," என்றார் அத்தான் நெகிழ்ந்துபோய். போன் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி "ம்" என்றது. அந்த "ம்" ரொம்பக் கனமாக, நெஞ்சிலிருந்து வந்தது. கேஷியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் பிறகு அத்தான் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிடித்துவிட்டார். புது இயந்திரத்துக்கு ஒரு குணம்: யாராவது நெடுநேரம் எதுவும் கேட்காமல் இருந்தால் அவர்கள் இணைப்பை அதுவே சத்தமில்லாமல் அறுத்துவிடும். சொல்லிவிட்டு அறுக்காது. ராத்திரி முழுக்க டிக்கெட் விற்பனை இல்லாததால் ராத்திரியே அறுத்துவிடுகிறது. நம் ப்ரோகிராம் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு காலையில் முதல் கேள்வியைக் கேட்கிறது.

"திறந்து வச்சா மட்டும் போதாது! ஒவ்வொரு தடவை கேக்கிறதுக்கு முன்னாடியும் 'இருக்கியா'ன்னு ஒரு சின்னக் கேள்வி கேக்கணும். பதில் வந்தா அதே லைன். வரலேன்னா பழசைத் தூக்கிப் போட்டுட்டு, புதுசாக் கதவைத் தட்டி, புதுசாப் பேரைச் சொல்லி, முதல்லேருந்து. அவ்வளவுதான்!" சந்தோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரிடமாவது அதைச் செய்து காட்ட வேண்டும்போல இருந்திருக்கும். போனைப் பார்த்து, பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் சார்."

ஆண் குரல்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு நீங்க?"

"கீழ இஸ்திரி போடுறவன் சார். அம்மா மெஷினை ஓரமா வச்சிட்டு, இங்க மேசை போட்டுக்கச் சொன்னாங்க. இந்த போன்ல ஒருத்தர் இருப்பார், அப்பப்ப 'ம்' போட்டாப் போதும், அஞ்சு மணி பஸ் கிளம்புற வரைக்கும்தான்னாங்க. அஞ்சு தாண்டிடுச்சு. நீங்க ரொம்ப மனசு விட்டுப் பேசினீங்க, அதான் பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல."

அத்தான் கவுன்டருக்கு ஓடினார். அவர் எழுதிய ப்ரோகிராம், கண் மூடித் திறப்பதற்குள், அவருடைய மனைவியின் பெயரைக் காட்டியது. ஐந்து மணி பஸ். ஜன்னலோர சீட். ஒருவழி.

"நேத்து நான்தான் போட்டுக் கொடுத்தேன் சார்," என்றார் கவுன்டர் அம்மா. "திரும்பறதுக்கும் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. புது நம்பரை எழுதி முன்னால் வைத்தேன். அவர் போனை எடுத்தார், அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். இதில் புது நம்பர் போட வேண்டுமென்றால் முதலில் இருக்கிற லைனை வைக்க வேண்டும்.

"அண்ணே," என்றார் போனைப் பார்த்து, "வைக்கட்டுமா?"

"வைங்க சார். உங்க சட்டை ரெண்டும் ரெடி."

வைத்தார். எங்கள் அலுவலகம் இவ்வளவு அமைதியான இடம் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

"முதல்ல என்ன சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார்.

"யாருன்னு சொல்லுங்க அத்தான்."

மணி அடித்தது. அக்கா எடுத்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "ஹலோ, யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள் என்று எனக்குச் சந்தேகம்.

அத்தான் தன் முழுப் பெயரையும் சொன்னார், இனிஷியலோடு. சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, "உன் வீட்டுக்காரன்," என்றும் சேர்த்துக்கொண்டார். கேஷியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன வேணும்?"

"நீ ஏதோ கேட்டியாமே. எனக்குக் காதுல விழல. மறுபடி கேளு."

"மறுபடி எல்லாம் கேக்க முடியாது. பஸ் ஊரைத் தாண்டியாச்சு."

"அப்ப நான் கேக்கறேன்." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்ன வேலைம்மா அது?"

அந்தப் பக்கம் பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு பெரிய மேசை, துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவார்களாம். அவர் ஒரு "ம்" கூடப் போடவில்லை. போட்டால் கேட்காமல் போய்விடுமோ என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பாதியில் இருக்கும்போது பஸ் மலைப் பாதையில் ஏறியது. லைன் அறுந்தது.

அவர் மறுபடி போட்டார்.

"ஹலோ, யாரு?"

பெயர், இனிஷியல், உன் வீட்டுக்காரன். "அப்புறம்" என்று ஆரம்பிக்கவில்லை. மேசை எவ்வளவு பெரிசு என்று முதலிலிருந்து கேட்டார். அவளும் முதலிலிருந்து சொன்னாள். அடுத்த வளைவில் அறுந்தது. மறுபடி போட்டார். மலை என்றால் வளைவுக்கா பஞ்சம்? ஒவ்வொரு தடவையும் அவள் யாரு என்றாள், ஒவ்வொரு தடவையும் இவர் இனிஷியலை விடாமல் சொன்னார். தன் அறை விளக்கை அணைத்துவிட்டு வந்த மேனேஜர் வீட்டுக்குப் போகாமல் ஒரு மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை லீவு விடுவாங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"விடுவாங்களாம்."

"அப்ப வருவியா? வரலேன்னா நான் வரட்டுமா?"

லைன் அறுந்தது.

அவர் மறுபடி போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. பெயரைச் சொல்வதற்குத் தயாராக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். அந்தப் பக்கம் போன் எடுக்கிற சத்தம் கேட்டது.

இந்தத் தடவை அக்கா யாரு என்று கேட்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.